நெஞ்சு அமுக்கலுக்குப் பத்து சூரிய நமஸ்காரம்

சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று தினமும் காலை ஆறு மணிக்கு இருபது பேருக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். நெஞ்சை அமுக்குகிறது என்று சொன்ன ஓர் அக்காவைப் பத்து சூரிய நமஸ்காரம் போடச் சொன்னவளும் நானேதான். முதல் விஷயம் நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து பட்டாபிராம் மார்க்கெட் வரை எல்லோருக்கும் தெரியும். நானே ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது விஷயம் அன்று வகுப்பில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த அக்கா பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிறவி யோகி ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், இடுப்பு வலிக்காக யோகா கற்றுக்கொள்ளப் போனேன். இடுப்பு வலி போகவில்லை. ஆறு மாதத்தில் ஒரு சான்றிதழ் மட்டும் கிடைத்தது. சான்றிதழ் கையில் இருக்கும்போது வலியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். நைட்டியை விட்டுவிட்டு வெள்ளைச் சுடிதாருக்கு மாறினேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அவ்வளவுதான், டீச்சர் ஆகிவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் சிரிக்கச் சொல்லிக் குடுக்கிறே. வீட்ல ஒரு காபி கேட்டா மட்டும் ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கிறே?" என்பார் வீட்டுக்காரர். நான் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மனதுக்குள் பத்து எண்ணுவேன். கோபத்தை அடக்குகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் எண்ணியதெல்லாம் அவர் செய்த தப்புகளைத்தான். பத்து போதாமல் இருபது வரை போன நாளும் உண்டு.

தினமும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மகிழ்ச்சி பற்றி ஒரு நிமிடம் பேசிப் போடுவேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் குரல் நன்றாக எதிரொலிக்கும்; ஏதோ மலைக்குகையிலிருந்து பேசுவதுபோல் கேட்கும். 'மன்னிப்பே மகிழ்ச்சி' என்ற பதிவை நான் பேசியது, எங்கள் பைக்குக்குப் பின்னால் ஸ்கூட்டியை நிறுத்திய கீழ்வீட்டுக்காரியைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு மாடியேறி வந்த கையோடு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட ஒருவர், 'உங்கள் குரலில் என்ன ஒரு உருக்கம் டீச்சர்' என்று எழுதி, கைகூப்பும் படம் நான்கு போட்டிருந்தார்.

வகுப்பு நடப்பது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால் பாயசம் சிந்திய இடத்தில் பாய் ஒட்டும், மூச்சை இழுத்தால் சாம்பார் மணக்கும். அந்த மூச்சைத்தான் பிரபஞ்ச சக்தி, ஆழமாக உள்ளே இழுங்கள் என்பேன். எல்லோரும் இழுப்பார்கள். பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும்.

வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு சுற்று உண்டு. 'சந்தோஷச் சுற்று' என்று பெயர் வைத்திருந்தேன். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தனக்கு வாய்த்த ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். குறை சொல்லக் கூடாது. வலி, கடன், மாமியார், மருமகள், தண்ணீர் வரவில்லை, கரண்ட் போச்சு, எதுவும் கூடாது. மீறினால் அந்த இடத்திலேயே பத்து சூரிய நமஸ்காரம். இது நானே கண்டுபிடித்த விதி. இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கே என்மேல் அப்படி ஒரு பெருமை.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? குறையைச் சந்தோஷம்போல் சொல்லப் பழகிக்கொண்டார்கள். "எங்க மாமியார் பூந்தமல்லில நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்காங்க டீச்சர், அவங்களுக்கு ஒரு மாறுதல் கிடைச்சுதேன்னு எனக்கு சந்தோஷம்," என்பாள் ஒருத்தி. "நாலு நாள் கழிச்சு தண்ணி லாரி வந்தது, மகிழ்ச்சி," என்பாள் இன்னொருத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், "அமெரிக்காலேர்ந்து பையன் போன் பண்ணினான்," என்று தினமும் சொல்வார். தினமும் எந்தப் பையன் போன் பண்ணுகிறான்? எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை தட்டுவோம். நான், "பார்த்தீங்களா, சந்தோஷம் எவ்வளவு எளிமையானது," என்று முத்தாய்ப்பு வைப்பேன்.

அந்த அக்காவைச் சொல்ல வேண்டும். மண்டபத்தைத் திறந்துவிடுவது, கூட்டுவது, கல்யாணம் என்றால் பாத்திரம் தேய்ப்பது, அண்டாவை இரண்டு பேராகத் தூக்கிக் கவிழ்ப்பது, எல்லாம் அவர் வேலை. வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். "இந்த மண்டபம் கீற எடத்துலதான் எங்கம்மா நடவு நட்டுச்சு," என்று போகிற போக்கில் ஒருநாள் சொன்னார். கணவர் இல்லை. ஒரே மகள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். ஐந்தரைக்கே வந்து கதவைத் திறந்து கூட்டித் துடைத்துவிட்டு, நாங்கள் ஆரம்பித்ததும் கடைசி வரிசையில் வந்து சேர்ந்துகொள்வார். யோகா பாய் இல்லை. யாரோ கல்யாணத்துக்குக் கட்டி விட்டுப்போன பிளெக்ஸ் பேனரை மடித்து விரித்துக்கொள்வார். மாப்பிள்ளையின் மூஞ்சியில் தலையும் பெண்ணின் பட்டுப்புடவையில் காலுமாக அவர் சவாசனம் போடுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எங்கள் இருபது பேரில் நிஜமாகச் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சிரிக்க ஆரம்பித்தால் கூடத்தின் கூரைத் தகடு அதிரும்.

அந்த வைகாசியில் வரிசையாக மூன்று கல்யாணம். அது முடிந்து திங்கட்கிழமை வகுப்பு வைத்தேன். சுற்று வந்தது. சார் அமெரிக்காவை முடித்தார். மாமியார்க்காரி பூந்தமல்லியை முடித்தாள். அக்காவின் முறை.

"சந்தோசத்துக்கு இன்னா டீச்சர், நெறைய கீது. ஆனா ரெண்டு நாளா நெஞ்சாண்ட யாரோ குந்திகினு அமுக்குற மாரி கீது. இந்தக் கையி வேற மரத்து மரத்துப் போவுது. இன்னான்னே தெர்ல."

இடது கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். இப்போது எழுதும்போது அந்த இடது கை என் கண்ணைக் குத்துகிறது. அன்று என் கண்ணில் பட்டது விதிமீறல் மட்டும்தான். முதலில் மாமியார்க்காரி, "குறை! குறை!" என்று கத்தினாள். "பத்து போடுங்க, பத்து போடுங்க," என்று எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். எதற்கும் சிரிக்கிற அக்காவைத்தானே சொல்கிறோம் என்று ஒரு தைரியம். வேறு யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கைதட்டல் எழுந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த அமெரிக்கா சார் தன் நெஞ்சைத் தடவியிருந்தால், மூன்று பேர் காரை எடுத்திருப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? அறிவுச்சுடரான நான், வெள்ளைச் சுடிதாரைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, மூணு நாளா கல்யாணச் சாப்பாடு. அது வாயு," என்றேன்.

எங்கள் பக்கத்தில் வாயுவுக்கு இருக்கும் மரியாதையே தனி. தோள் வலித்தால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. தலை சுற்றினால் வாயு மேலே ஏறிவிட்டது. மனிதன் பொத்தென்று விழுந்தால்கூட, நாலு பேர் கூடி, சோடா வாங்கி வா, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று பேசிக்கொள்வார்கள். படிக்காதவர்கள் அப்படிச் சொன்னால் அறியாமை. நான் சொன்னால் சிகிச்சை, ஏனென்றால் என்னிடம் வாயுவை வெளியேற்றும் ஆசனம் இருக்கிறது. பவனமுக்தாசனம். அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து அழுத்தச் சொன்னேன். வலிக்கிற அதே நெஞ்சில், அழுத்து அழுத்து என்று கூடவே நின்று சொன்னேன்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தாவல டீச்சர்." தேவலை என்கிறார். வேறென்ன சொல்வார் பாவம், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சரி, பத்து போடுங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போட்டார். குனிந்தார், நிமிர்ந்தார், காலைப் பின்னால் நீட்டினார். சுற்றி உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று கூட்டமாக எண்ணினோம். நாலாவதில் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வைகாசி வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே, அப்படி வேர்க்காது. நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "பாருங்க, கெட்டதெல்லாம் வேர்வையா வெளியே போகுது," என்று வகுப்புக்கு விளக்கம் கொடுத்தேன். ஆறாவதில் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "முடியல டீச்சர்," என்று சொல்லிச் சிரித்தார். "பரவாயில்ல, போனாப் போகுது," என்று பெரிய மனதோடு மன்னித்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அக்கா வழக்கம்போல் கதவைத் திறந்து வைத்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டிருந்தார். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்தப் பொய் வேண்டாம். சுற்றில் அவர் முறை வந்தபோது, "நல்லா கீறேன் டீச்சர். சந்தோசமா கீறேன்," என்றார். அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. ஐயோ, எனக்குத்தான் என்ன பூரிப்பு! "நேத்து வலின்னு சொன்னவங்க, இன்னைக்கு சந்தோஷம்னு சொல்றாங்க. மனசு மாறினா உடம்பு மாறும்," என்று எல்லோர் முன்னாலும் அவரை எடுத்துக்காட்டாக நிறுத்தினேன். வீட்டுக்குப் போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அதையே பதிவாகவும் பேசிப் போட்டேன். ஒரே நாளில் அவ்வளவு கைகூப்பும் படங்கள் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

புதன்கிழமை மண்டபம் பூட்டியிருந்தது. வாசலில் இருபது பேர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். ஆறேகால் ஆயிற்று. ஆறரை ஆயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சொல்லாம கொள்ளாம லீவு போட்டா என்ன அர்த்தம்? இவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா இப்படித்தான்," என்று நான் சொன்னதை அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள். இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மகள் எடுத்தாள்.

"அம்மா மண்டபத்துக்கு வந்துகினு இருக்கும்போது ஸ்டேஷனாண்ட உய்ந்துட்ச்சு டீச்சர். ஷேர் ஆட்டோ அண்ணன்தான் தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஆர்ட் அட்டாக்காம். உள்ள வெச்சிருக்காங்க. ஒண்ணியும் சொல்ல மாட்டேன்றாங்க."

வகுப்பைக் கலைத்துவிட்டு ஓடினேன். வராந்தாவில் கம்பெனிச் சீருடையோடு மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக வந்திருக்கிறாள். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தியமாக வந்தது. அந்த நினைப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. எனக்கே மூச்சு விட வரவில்லை. மூச்சைப் பற்றி மூன்று வருடம் பேசியவளுக்கு, ஒரு மூச்சு ஒழுங்காக இழுக்க வரவில்லை.

நான் கும்பிடாத சாமி இல்லை. திருவேற்காட்டு அம்மன், மாங்காட்டு அம்மன், எல்லோரிடமும் வேண்டிக்கொண்டேன். பிரபஞ்ச சக்தியின் நினைவே வரவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்தார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது, இனிமேல் கனமான எதையும் தூக்கக் கூடாது, அண்டா குண்டாவெல்லாம் தொடவே கூடாது என்று டாக்டர் அம்மா சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் கழித்து வார்டில் பார்க்க விட்டார்கள். சாயங்காலம், பார்வையாளர் நேரம். நான் சாத்துக்குடியோடு போனேன். டாக்டர் அம்மா வந்து, "வலி எப்போ ஆரம்பிச்சுது? யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "யாராண்டயும் சொல்லல டாக்டரு. நான்தான் கண்டுக்காம உட்டுட்டேன்."

எனக்கு அப்போது வந்தது வெட்கமல்ல. நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. வேறு எதை மறைத்தாலும் அந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யாராண்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்லமா? டீச்சராண்டயாவது சொல்லக்கூடாது? அவங்க படிச்சவங்க, ஒடனே இட்டுகினு வந்துருப்பாங்க இல்ல?"

அந்தப் பெண் என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்துப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்கிட்ட சொன்னாங்கம்மா," என்றேன். "திங்கக்கிழமையே சொன்னாங்க."

"சொல்லிச்சா? நீங்க இன்னா சொன்னீங்க?"

"வாயுன்னு சொன்னேன்."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கையில கீற வேலையும் போயிட்ச்சு. இதுக்கு மேல அது இன்னா பண்ணும்?" என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, "நீ அங்க இன்னாதான் சொல்லிக் குடுக்குற?" என்றாள். நீங்க, நீ ஆகிவிட்டது. ஆக வேண்டியதுதான்.

"டீச்சராண்ட மரியாதியா பேசு," என்று அக்கா படுத்தபடியே அதட்டினார். மகள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன், மீதியையும் அவள் வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாணாம் டீச்சர். சூரிய நமஸ்காரம் போட்டத அதாண்ட சொல்லாத."

"ஏன்க்கா? தப்பு என்னுதுதானே? திட்டட்டும்."

"நீ திட்டு வாங்குவியேன்னு நான் சொல்லல. எனக்கு உசுரு போற மாரி கீது, சுத்தி குந்திகினு எல்லாரும் சிரிச்சிகினு எண்ணுனீங்களே. எனக்கே அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அயுக வந்துட்ச்சு. அத்த கேட்டா எம்பொண்ணு தாங்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எல்லாரும் கை தட்டுனாங்க. அத்தகூட உடு. நீயும் தட்டுன டீச்சர்."

மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள், எல்லோரும் கை தட்டினார்கள் என்று. அதில் என்னைச் சேர்க்காமல்தான் எழுதினேன்.

நானும் தட்டினேன்.